மார்பு இம்பிளான்ற்: 36 எண்டு சொன்னாப் போதுமோ?

கேட்டவள், புதுக்குடியிருப்பு — மார்ச் 2, இரவு 9.14

அக்காவுக்கு 46 வயது. புற்றுநோய்க்கு இடப்பக்க மார்பு முழுக்க எடுத்து ஒரு வருசமும் மூண்டு மாதமும். மருந்தெல்லாம் ஏத்தி முடிஞ்சுது. அடுத்த மாதம் கொழும்பில பிளாஸ்ரிக் சேர்ஜனிட்டக் காட்டப் போறம். இம்பிளான்ற், அதுதான் எடுத்த மார்புக்குப் பதிலா உள்ளுக்கு வைக்கிற செயற்கைப் பை, வைக்கிறதெண்டா என்ன சைஸ் வேணுமெண்டு கேப்பினமாம். அக்கா போடுற உள்சட்டை 36. அதைச் சொன்னாச் சரியோ? வட்டமோ நீர்த்துளி வடிவமோ? உப்புத்தண்ணியோ ஜெல்லோ? தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. ஆறுதல் கனக்கக் கேட்டாச்சு, விசயம்தான் வேணும்.

முத்தையன்கட்டு — மார்ச் 2, இரவு 10.02

சரியில்லை. 36 எண்டது நெஞ்சுப் பட்டியின்ர அளவு, அங்குலத்தில. மார்பு எவ்வளவு எண்டு அது சொல்லாது. பின்னால வாற சி, பி, டி எழுத்தும் தனிய நிண்டாப் பொருளில்லை: 32 டி, 34 சி, 36 பி மூண்டுக்கும் கிண்ணத்தின்ர கொள்ளளவு ஏறக்குறைய ஒண்டுதான். எங்கட சந்தைக் கடையளில கனக்க இடத்தில எழுத்தே இல்லை, இலக்கம் மட்டும் சொல்லித்தான் தருவினம்.

இம்பிளான்ற் பெட்டியில எழுத்து இருக்காது. அகலம், முன்னுக்குத் தள்ளுற உயரம் ரெண்டும் சென்ரிமீற்றரில, கொள்ளளவு மில்லிலீற்றரில. சீசீ எண்டாலும் மில்லி எண்டாலும் ஒண்டு. நீர்த்துளி வடிவமெண்டா மேலிருந்து கீழ் நீளமும் போட்டிருக்கும்.

முதல் வேண்டியது அகலம். மில்லி அதுக்குப் பிறகு தானா வரும். கனபேர் தலைகீழா "எனக்கு 300 வையுங்கோ" எண்டு கேக்கினம்.

முத்தையன்கட்டு — மார்ச் 2, இரவு 10.31

அளக்கிற விதம். அக்கா நிமிந்து நிக்கட்டும், கை தொங்கட்டும். நல்ல பக்க மார்பு நெஞ்செலும்போட எங்க தொடங்குது, கக்கப் பக்கம் எங்க முடியுது எண்டு பேனையால ரெண்டு புள்ளி. ரெண்டுக்கும் இடையில நேர்த்தூரம்தான் வேணும். அளவுநாடாவை மார்புக்கு மேலால வளைச்சுப் பிடிச்சா கூடக் காட்டும், அது பிழை. ரெண்டு தடிச்ச மட்டைப் புத்தகத்தை ரெண்டு புள்ளியிலயும் நிமித்தி வைச்சு, புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் இடையில அடிமட்டத்தைப் பிடியுங்கோ. ஆஸ்பத்திரியில கலிப்பர் வைச்சு அளப்பினம், வேலை அதேதான்.

இம்பிளான்ற் இந்த அகலத்துக்கு மேல போகக் கூடாது. கூடினா நெஞ்செலும்புக்கு மேல ஏறி நிக்கும், இல்லாட்டிக் கக்கத்துக்குள்ள தள்ளி கை ஆட்டேக்க உரசும்.

ஏ9 ஓரம் — மார்ச் 3, காலை 6.20

ஒரே அகலமெண்டா ஒரே மில்லி தானே? பிறகேன் கடைக்காரன் பத்துச் சைஸ் வைச்சிருக்கிறான்?

முத்தையன்கட்டு — மார்ச் 3, காலை 7.05

உயரம் மாறும். குறைஞ்ச புரொஃபைல், நடுத்தரம், உயர் புரொஃபைல் எண்டு வரும். வட்ட இம்பிளான்ற் கிட்டத்தட்ட ஒரு கோளத்தின்ர மூடி மாதிரி. 12 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரமெண்டா ஏறக்குறைய 260 மில்லி. அதே 12க்கு 5 செ.மீ. உயரம் போட்டா 350 கிட்ட. சென்ரிமீற்றர் ஒண்டு கூட, மில்லி 90 கூடுது. அடி அகலம் அப்பிடியே.

அதால அகலம் முதல், உயரம் ரெண்டாவது, மில்லி மூண்டாவது. 25, 30 மில்லி வித்தியாசத்துக்கு நித்திரை முழிக்க வேண்டாம். ரெண்டு மேசைக்கரண்டித் தண்ணி அவ்வளவுதான், சட்டைக்கு மேல ஆருக்கும் தெரியாது.

ஏ9 ஓரம் — மார்ச் 3, காலை 7.11

ஓஎல் கணக்குப் பாடத்தில கோளத்தின்ர கனவளவு ஏன் படிப்பிச்சவை எண்டு இப்பதான் விளங்குது.

முத்தையன்கட்டு — மார்ச் 3, இரவு 8.48

காலையில எழுதினது ரெண்டு மார்பும் ஒரு மாதிரி நிக்கிற ஆளுக்குச் சரி. 46 வயதில, பிள்ளையளுக்குப் பால் குடுத்த மார்பெண்டா கீழ இறங்கியிருக்கும். இம்பிளான்ற் இறங்காது, மேல் பக்கம் நிரம்பி நிக்கும். அகலமும் மில்லியும் அச்சொட்டாப் பொருந்தினாலும் ரெண்டும் ரெண்டு உயரத்தில இருக்கும். அக்கா மெலிஞ்சா, கொழுத்தா நல்ல பக்கம் மாறும், வைச்ச பக்கம் மாறாது.

ஆகவே டொக்டரிட்டப் போக முதல் வீட்டில முடிவெடுக்க வேண்டியது: உள்சட்டை போட்டா ரெண்டும் சமனாத் தெரிஞ்சாப் போதுமோ, உடுப்பில்லாமலும் சமனா இருக்கோணுமோ? முதலாவது லேசு. ரெண்டாவதுக்கு நல்ல பக்கத்தையும் வெட்டித் தூக்க வேண்டி வரலாம். அப்பிடித் தூக்கினா அந்தப் பக்க அகலமும் மாறும், நான் அளக்கச் சொன்ன இலக்கம் பழசாப் போகும். இதை முதலே எழுதியிருக்கோணும்.

முத்தையன்கட்டு — மார்ச் 3, இரவு 9.20

இன்னொண்டு விட்டுப்போச்சு, எல்லாத்துக்கும் முதல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தங்கச்சி, அக்காவுக்குக் கதிர் பிடிச்சவையோ, புற்றுநோய்க்குக் குடுக்கிற கதிர்வீச்சு?

கேட்டவள் — மார்ச் 3, இரவு 10.15

ஓம், 15 தரம். நெஞ்சுத் தோல் கறுத்து இப்ப கொஞ்சம் இறுகிப்போய் இருக்கு.

முத்தையன்கட்டு — மார்ச் 4, காலை 5.50

அப்ப சைஸ் கதை பின்னுக்குப் போகுது.

கதிர் பட்ட தோலுக்கு இரத்த ஓட்டம் குறைவு, இழுபடாது, காயம் ஆற நாள் எடுக்கும். எந்த இம்பிளான்ற்றைச் சுத்தியும் உடம்பு ஒரு சவ்வு கட்டும், அது வழமை. அந்தச் சவ்வு சுருங்கி நெரிச்சாத்தான் பிரச்சினை. பேக்கர் எண்ட அளவுகோலில நாலு படி: 1 மெத்தெண்டு இருக்கும், 2 கை வைச்சா இறுக்கம், பாக்கத் தெரியாது, 3 வடிவம் கெட்டுக் கண்ணுக்குத் தெரியும், 4 கல்லு மாதிரி, நோவும் இருக்கும். கதிர் பட்ட பக்கம் 3, 4க்குப் போற வாய்ப்பு நல்லாக் கூட. காயம் திறக்கிறது, கிருமி பிடிச்சு இம்பிளான்ற்றைக் கழட்ட வேண்டி வாறது, இதுகளும் கூட.

அதால கனக்க சேர்ஜன்மார் இப்பிடியான ஆளுக்கு உடம்பின்ர சொந்தத் தசை, கொழுப்பைக் கொண்டுவந்து வைக்கிறதைத்தான் விரும்புவினம். கனக்கச் செய்யிற வழி ரெண்டு. அடிவயித்துத் தோலும் கொழுப்பும் எடுத்து மார்பு செய்யிறது ஒண்டு, அதுக்கு இம்பிளான்ற் தேவையே வராது. முதுகுப் பக்கத்து அகலத் தசையைத் தோலோட திருப்பி முன்னுக்குக் கொண்டுவாறது மற்றது, கனதரம் அதுக்கு அடியில சின்ன இம்பிளான்ற் ஒண்டும் வைப்பினம். புதுத்தோல் வாறதால இறுக்கம் குறையும்.

முதுகுத் தசை எடுக்கிறதெண்டா ஒண்டை யோசியுங்கோ. கிணத்துக் கப்பியில கயிறு இழுக்கிறது அந்தத் தசைதான். வீட்டில மோட்டர் இருக்கோ, அக்கா தோட்டம் கொத்துறவவோ, இதை டொக்டர் கேக்காட்டியும் நீங்கள் சொல்லோணும்.

ஏ9 ஓரம் — மார்ச் 4, காலை 8.02

வயித்துக் கொழுப்பு எடுக்கிற ஒப்பரேசனுக்கு நான் முன்வந்து தரத் தயார்.

முத்தையன்கட்டு — மார்ச் 4, காலை 8.30

அண்ணை, அடுத்த ஆளின்ரயை உடம்பு ஏற்காது. நீங்கள் நடவுங்கோ.

முத்தையன்கட்டு — மார்ச் 4, இரவு 9.37

வகை கேட்டதுக்கு மறுமொழி சொல்லேல்லை. தசை இழுத்து அடியில வைக்கிறதெண்டாலும் இது தெரியோணும், வாசிக்கிற வேற ஆக்களுக்கும் வேணும்.

உப்புத்தண்ணி: ஓடு சிலிக்கன், உள்ளுக்குச் சேலைன். தியேட்டரில வைச்சே கூட்டிக் குறைக்கலாம். ஓட்டை விழுந்தா ஒரு சில நாளில வத்திச் சப்பையாகும், தண்ணியை உடம்பு உறிஞ்சிடும், ஒளிச்சு மறைக்க ஒண்டுமில்லை. குறை என்னெண்டா சுருக்கம் தெரியும். மார்பு முழுக்க எடுத்த இடத்தில மேல மூட வெறும் தோல்தான், அங்க அலை அலையாத் தெரியும்.

ஜெல்: உள்ளுக்குச் சிலிக்கன் ஜெல், கை வைச்சா மார்பு மாதிரி. ஆனா உள்ளுக்கு வெடிச்சாலும் வெளிய தெரியாமலே இருக்கலாம். அதாலதான் மருந்து, மருத்துவக் கருவியளைக் கண்காணிக்கிற அமெரிக்க எஃப்டிஏ 2020இல சொன்னது, வருத்தம் குணம் ஒண்டும் இல்லாட்டியும் 5, 6 வருசத்தில முதல் ஸ்கான், பிறகு 2, 3 வருசத்துக்கொருக்கா. அல்ராசவுண்டும் சரி, எம்ஆர்ஐயும் சரி.

வடிவம்: நீர்த்துளி இயற்கையா நிக்கும் எண்டு சொல்லுவினம். ஆனா அது உள்ளுக்குத் திரும்பினா வடிவம் கோணும். திரும்பாமப் பிடிக்கத்தான் அதின்ர மேற்பரப்பு சொரசொரப்பா வரும். அந்தச் சொரசொரப்போட சேர்ந்து வந்த வில்லங்கம் ஒரு அரிய நிணநீர்ப் புற்றுநோய், சுருக்கப் பெயர் பிஐஏ-ஏஎல்சிஎல். 2019 ஏப்ரலில பிரான்ஸ் கடுஞ்சொரசொரப்பு வகையளைத் தடை செய்தது. அந்த வருசம் யூலையில எஃப்டிஏ கேட்டு, அலர்கன் கொம்பனி தன்ர பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது. வட்டம் உள்ளுக்குச் சுத்தினாலும் வட்டம்தான், அதுக்குச் சொரசொரப்புத் தேவையில்லை. வழுவழுப்பான வட்டத்தைக் கேளுங்கோ. வேற ஒண்டு சொன்னா, ஏனெண்டு கேளுங்கோ.

ஏற்கெனவே சொரசொரப்பு வைச்ச ஆக்கள் பயந்து ஓடிப்போய்க் கழட்டத் தேவையில்லை. வைச்சு வருசக்கணக்கான பிறகு ஒரு பக்கம் திடீரெண்டு வீங்கினா மட்டும் நிக்காமக் காட்டுங்கோ. அந்த நீரை எடுத்துச் சோதிக்கோணும், மருந்தெண்ணெய் பூசிப் பாக்கிற வீக்கமில்லை அது.

துணுக்காய்த் தையல் — மார்ச் 5, பின்னேரம் 3.12

எல்லாரும் உள்ளுக்கு வைக்கிறதையே கதைக்கிறியள். வெளியால வைக்கிறதையும் சொல்லோணும். கதிர் பிடிச்ச அக்காவுக்கு இப்போதைக்கு அதுதான் லேசு, ஒப்பரேசன் வேண்டாமெண்டு முடிவெடுத்தா நிரந்தரமாவும் அதுவே காணும்.

கடையில வாற சிலிக்கன் மார்பு நிறையுள்ளது. நிறை தேவை. இல்லாட்டி அந்தப் பக்கப் பட்டி மேல ஏறும், தோளும் ஒரு பக்கம் சரியும். நல்ல பக்கம் பெரிசெண்டா நிறையுள்ளதையே எடுங்கோ. லேசு வகை கால்வாசிக்கு மேல நிறை குறைவு, சின்ன மார்புக்கும் வெக்கைக்கும் அது போதும். முதல் உள்சட்டையைச் சரியா எடுக்கோணும். நடுப்பட்டி நெஞ்செலும்பில ஒட்டி நிக்குதோ எண்டு பாத்த பிறகுதான் மார்பை எடுக்கிறது. மாறிச் செய்தா ரெண்டும் வீண்காசு.

அந்த மார்பு நழுவாம இருக்க உள்சட்டையில பை தைக்கிற விதம்: கிண்ணத்துக்குப் பின்னால மெல்லிய பருத்தித் துணி ஒரு துண்டு. மேலயும் கீழயும் நெஞ்சு நடுப்பக்கமும் தைச்சு, கக்கப் பக்கம் 7, 8 செ.மீ. வாய் விடுங்கோ. நடுப்பக்கம் வாய் விட்டாக் குனியேக்க எட்டிப் பாக்கும். தோள்பட்டி 2 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது.

மார்பைப் பின்னலில செய்யிறதெண்டா பருத்தி நூல், உள்ளுக்குப் பொலியெஸ்ரர் பஞ்சு. இலவம்பஞ்சு கழுவினாக் கட்டிபடும். தானியம் நிரப்பினா வியர்வைக்கு ஊறி வண்டு வைக்கும், மாதத்துக்கொருக்கா மாத்தோணும். நிறைக்கு வலை ஈயம் வைக்கிறவை இருக்கினம். வேண்டாம், ஈயம் வியர்வைத் தோலுக்கு ஆகாது. கண்ணாடிப் பாசிமணியைச் சின்னப் பையில தைச்சு அடியில போடுங்கோ.

சிலிக்கன் மார்புக்குக் கிட்ட சாறிப் பின் குத்தாதேங்கோ!

முத்தையன்கட்டு — மார்ச் 5, இரவு 8.10

தையலக்கா சொன்னது முழுக்கச் சரி. அது மாதிரி ஒரு பையை அளவு பிடிக்கவும் பாவிக்கலாம். மெல்லிய பனியன் துணியில 12, 13 செ.மீ.க்கு மேல பரவாத மாதிரி ஒரு பை தைச்சு, அதுக்குள்ள அரிசி போட்டு, வெறும் பக்கக் கிண்ணத்துக்குள்ள வையுங்கோ. கண்ணாடியில ரெண்டும் சமனாகும் வரை கூட்டிக் குறையுங்கோ. பிறகு அரிசியைக் கொட்டி அளந்தா மில்லி வரும். பை பரவினாக் கணக்குப் பிழை.

ஏ9 ஓரம் — மார்ச் 5, இரவு 8.14

சம்பாவோ மொட்டைக்கறுப்பனோ?

முத்தையன்கட்டு — மார்ச் 5, இரவு 8.22

கழுவாத எந்த அரிசியும். சுண்டால அளக்காதேங்கோ, வீட்டுக்கு வீடு ஒரு சுண்டு. ரின்பால் பேணி விளிம்போட ஏறக்குறைய 300 மில்லி. சரியா வேணுமெண்டா பாமசியில 50 மில்லி சிறிஞ்ச் வாங்கித் தண்ணி விட்டு ஒரு கிளாசில கோடு போடுங்கோ.

நிறையைப் பாத்து ஏமாறாதேங்கோ: 300 மில்லி அரிசி 250 கிராம் மட்டில நிக்கும், 300 மில்லி ஜெல் 290 கிட்ட வரும்.

இன்னொரு தடயம், எடுத்த மார்பைச் சோதிச்ச பதோலொஜி றிப்போட். அதில மார்பின்ர நிறையைக் கிராமில எழுதியிருந்தா, கிராமும் மில்லியும் கிட்டத்தட்ட ஒண்டு எண்டு எடுக்கலாம். தோலும் சேர்ந்த நிறை எண்டதை மறக்காதேங்கோ.

கேட்டவள் — மார்ச் 6, இரவு 9.40

றிப்போட்டில 410 கிராம். புத்தகம் வைச்சு அளந்தது 12.5. அரிசி 380 வந்தது. அக்கா சிரிச்சுச் சிரிச்சுத்தான் நிண்டவ.

முத்தையன்கட்டு — மார்ச் 6, இரவு 10.05

மூண்டும் ஒண்டோடொண்டு ஒத்துப்போகுது. மூண்டையும் எழுதிக்கொண்டு போங்கோ. 12.5 அகலத்தில 380 எண்டா 5 செ.மீ. மட்டில தள்ளும், உயர் புரொஃபைல் பக்கம். கதிர் பட்ட தோல் அதைத் தாங்காது. முதுகுத் தசை வந்தா அதுவே கொஞ்ச இடம் பிடிக்கும், இம்பிளான்ற் சின்னனாகும். அதால 380 எண்டு அடம் பிடிக்க வேண்டாம். எட்ட வேண்டிய மொத்தம் அது, பெட்டியில எழுதியிருக்கிற இலக்கம் அதாத்தான் இருக்கோணுமெண்டில்லை.

முத்தையன்கட்டு — மார்ச் 7, காலை 6.33

தோலை இழுக்கிற பலூன், எக்ஸ்பாண்டர், பற்றி ஒரு குறிப்பு. கதிர் படாத ஆக்களுக்குக் கனதரம் இதுதான் முதல் படி. வெறும் பலூனை வைச்சு, தியேட்டரிலயே கொஞ்சம் சேலைன் விட்டு, பிறகு ஒண்டு ரெண்டு கிழமைக்கொருக்கா 50 தொடக்கம் 100 மில்லி ஊசியால ஏத்துவினம். நிரம்பினாப் போல முடியாது, தோல் பழகக் கொஞ்ச மாதம் விட்டுத்தான் உண்மையான இம்பிளான்ற். எண்ணிப் பாருங்கோ: ஒட்டுசுட்டான், மாங்குளம் வந்து ஏ9 றோட்டைப் பிடிச்சு, கொழும்புக்கு அஞ்சாறு தரம், ஒவ்வொரு தரமும் பத்து நிமிச வேலைக்கு. கிட்டடி ஆஸ்பத்திரியில ஏத்துவிக்க ஒழுங்கு செய்யலாமோ எண்டு முதல் நாளே கேளுங்கோ. கனக்க பலூனில ஊசி போடுற வாய்க்குள்ள காந்தம் இருக்கு, அது உள்ளுக்கு இருக்கும் வரை எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது.

முத்தையன்கட்டு — மார்ச் 7, இரவு 9.02

எம்ஆர்ஐ எண்டவுடன ஞாபகம் வந்தது. எங்கட பக்கத்தில சண்டையில விழுந்த செல் குண்டின்ர துண்டு உடம்போட இருக்கிற ஆக்கள் எத்தினை பேர். அக்காவுக்கு இருக்கோ இல்லையோ, இருந்தா மறைக்காமச் சொல்லுங்கோ. இரும்புத் துண்டு எம்ஆர்ஐ காந்தத்தில அசையும், சூடேறும். கண், முள்ளந்தண்டு, பெரிய நரம்புக்குக் கிட்ட எண்டா ஆபத்து. முதல் எக்ஸ்றே எடுத்து எங்க இருக்கெண்டு பாத்துத்தான் முடிவெடுப்பினம். எம்ஆர்ஐ சரிவராட்டி, ஜெல் வைச்ச ஆளை அல்ராசவுண்டிலதான் பாத்துக்கொண்டு போகோணும். முதுகிலயோ நெஞ்சிலயோ பழைய காயத் தழும்பு இருந்தாலும் சொல்லுங்கோ, தசை திருப்பேக்க இரத்தக்குழாய் அறுந்திருக்கோ எண்டு பாக்கோணும்.

கேட்டவள் — மார்ச் 7, இரவு 9.30

வலது தொடையில ஒண்டு இருக்கு. 2009. அதை ஆரும் கேக்கேல்லை.

முத்தையன்கட்டு — மார்ச் 7, இரவு 9.41

எழுதிவைச்சுக் குடுங்கோ.

முத்தையன்கட்டு — மார்ச் 8, காலை 7.15

மிச்சம் மீதி.

வெத்திலைக்குப் புகையிலை போடுறவவெண்டா நிப்பாட்டோணும், ஒப்பரேசனுக்கு நாலு கிழமையாவது முதல். சுருட்டில இருக்கிற நிக்கொட்டின்தான் அதிலயும், இரத்தக்குழாயைச் சுருக்கும், தோல் கறுத்துச் செத்துப்போகும். சீனி வருத்தம் இருந்தா அளவைக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவந்திட்டுப் போங்கோ.

ஒப்பரேசன் முடியக் காயத்தில ஊறுற நீரை வெளிய எடுக்கிற ட்ரெயின் குழாய், நுனியில போத்திலோட, தொங்கும். 24 மணித்தியாலத்தில வாறது 30 மில்லிக்குக் குறைஞ்சா எடுக்கிறது வழமை. ஒரு கொப்பியில நேரத்தோட எழுதுங்கோ. போத்திலை உள்பாவாடை நாடாவில கட்டாதேங்கோ, எழும்பேக்க இழுபடும். சட்டையின்ர உள்பக்கம் ஒரு சின்னப் பொக்கற் தைச்சு அதுக்குள்ள விடுங்கோ.

இம்பிளான்ற் வைச்சா ஸ்ரிக்கர் ஒட்டின அட்டை ஒண்டு தருவினம்: கொம்பனி, மொடல், தொடர் இலக்கம், மில்லி, எந்தப் பக்கம். தராட்டிக் கேட்டு வாங்குங்கோ. 2010இல பிரான்சின்ர பிஐபி கொம்பனி மருத்துவத்துக்கு இல்லாத சிலிக்கனை நிரப்பி வித்தது பிடிபட்டது. அப்ப அட்டை இல்லாத ஆக்களுக்குத் தங்களுக்குள்ள இருக்கிறது எதெண்டே தெரியாது. பொலித்தீன் உறையில போட்டு, படமெடுத்து ரெண்டு போனில வையுங்கோ. பத்திரக் கோவையை எப்பிடிப் பாதுகாக்கிறதெண்டு வன்னிச் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

துணுக்காய்த் தையல் — மார்ச் 8, பகல் 12.20

ட்ரெயின் பொக்கற் இடுப்புக்கு மேல, முன் பக்கம் வரட்டும். பக்கவாட்டில தைச்சா பஸ் சீற்றில நெரிபடும். பொத்தான் முன்னுக்குத் திறக்கிற சட்டை ரெண்டு வேணும், கை உயர்த்திப் போடுற உடுப்புக் கொஞ்ச நாளைக்குச் சரிவராது. அளவு அனுப்புங்கோ தங்கச்சி, போக முதல் தைச்சுத் தாறன்.

கேட்டவள் — மார்ச் 8, இரவு 8.55

தோள் 14, நீளம் 25. பொக்கற் வலப்பக்கம் போடுங்கோ அக்கா, யன்னல் கரையில இருக்கத்தான் அவவுக்கு விருப்பம்.

துணுக்காய்த் தையல் — மார்ச் 8, இரவு 9.03

குழாய் வாறது இடப்பக்கத்தால பிள்ளை. பொக்கற் இடப்பக்கம்தான் வரும். யன்னல் சீற் ரெண்டு பக்கமும் இருக்குத்தானே.